ஸிஸிலித் தீவில் அடிமைகள் ஆண்ட மூன்று வருஷங்கள்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ரோமாபுரி ஏகாதிபத்தியத்தை எதிர்த்து அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள் என்று சொன்னவுடனே உங்களில் பலருக்கு ஸ்பார்ட்டகஸின் பெயர் நினைவுக்கு வரும். சீமான்களின் பொழுதுபோக்குக்காகக் கத்திச் சண்டை பழக்கப்பட்ட அந்த அடிமை வீரன், கி.மு. 73-ல் காப்புவா நகரத்துக் கொட்டடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தான். கி.மு. 71-ல் போர்க்களத்தில் விழுந்தான். அவனுடைய படையில் உயிரோடு பிடிபட்ட 6,000 பேரைக் காப்புவாவிலிருந்து ரோமாபுரி வரையில் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்து தொங்கவிட்டார்கள். அவனைப் பற்றி நாவல் உண்டு, சினிமாவும் உண்டு.

இன்று நான் பேச வந்தது அவனுக்கும் அறுபது வருஷங்களுக்கு முன்னால் ஸிஸிலித் தீவில் நடந்த எழுச்சியைப் பற்றி. கி.மு. என்று போட்டால் எண் குறையக் குறைய நம்முடைய காலத்தை நெருங்கி வருகிறோம் என்று பொருள். கி.மு. 135 வாக்கில் தொடங்கி கி.மு. 132-ல் அடக்கப்பட்ட எழுச்சி இது. இதைத் தொடங்கியவர்கள் ஆயுதப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். ஏர் உழுதவர்கள், குதிரையும் மாடும் மேய்த்தவர்கள், ஆண்டையின் வீட்டில் எடுபிடி வேலை செய்தவர்கள். அவர்கள் ரோமாபுரியின் படைகளை ஒன்றன் பின் ஒன்றாக முறியடித்தார்கள். நகரங்களைப் பிடித்து ஆட்சி நடத்தினார்கள். சொந்தமாக நாணயம்கூட அடித்தார்கள்.

இவர்களை ஒன்றாக நிறுத்தியது எது? கடைசியில் இவர்களைத் தனியாக விட்டது எது? இந்த இரண்டு கேள்விகளையும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எழுதியவர்கள் யார்?

முதலில் ஒரு விஷயம். இந்த எழுச்சியைப் பற்றி அடிமைகள் எழுதி வைத்த ஏடு ஒன்றும் இல்லை. நமக்கு அதிகமாகச் செய்தி தருபவர் டயோடோரஸ் என்ற கிரேக்கச் சரித்திர ஆசிரியர். அவரே ஸிஸிலியில் பிறந்தவர். நூறு வருஷம் கழித்து எழுதியவர். அவர் எழுதிய அந்தப் பகுதியும் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தார் எடுத்து எழுதிய சுருக்கங்களே மிஞ்சியிருக்கின்றன. அவர் அடிமைகளின் கட்சிக்காரர் அல்லர். ஆனாலும் ஆண்டைகளின் ஆணவமும் கொடுமையுமே இந்த யுத்தத்துக்குக் காரணம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். எதிர்த்தரப்புச் சாட்சியே நமக்குச் சாதகமாகச் சொல்லுகிறபோது அந்தச் சாட்சியத்துக்கு இரட்டை மதிப்பு உண்டு அல்லவா?

இத்தனை அடிமைகள் எங்கிருந்து வந்தார்கள்?

யுத்தத்திலிருந்து வந்தார்கள். கி.மு. 167-ல் கிரேக்க நாட்டின் எபிரஸ் பகுதியில் புகுந்த ரோமாபுரிப் படை, எழுபது ஊர்களைச் சூறையாடி ஒன்றரை லட்சம் மக்களை அடிமைகளாக்கியது. கி.மு. 146-ல் கார்த்தேஜ் நகரத்தை எரித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, சாவுக்குத் தப்பிய சுமார் 50,000 பேரை விலைக்கு விற்றார்கள். அதே வருஷம் கொரிந்த் நகரத்துக்கும் அதே கதி. யுத்தம் இல்லாத காலத்தில் கடற்கொள்ளைக்காரர்கள் கரையோர ஊர்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். டெலோஸ் என்ற சின்னஞ்சிறு தீவு இதற்குச் சந்தை. அங்கே ஒரே நாளில் பதினாயிரக்கணக்கான அடிமைகள் கைமாற முடியும் என்று ஸ்ட்ராபோ என்ற பூகோள ஆசிரியர் எழுதியிருக்கிறார்.

இவர்கள் நேற்று வரையில் வேறு ஆட்களாக இருந்தவர்கள். ஸிரியா நாட்டு விவசாயி, ஸிலிஸியா நாட்டு மலைவாசி, கிரேக்க நாட்டுக் கைவினைஞன். பிறவி அடிமை என்று எவனும் கப்பலில் ஏறி வரவில்லை.

ஸிஸிலி அப்போது ரோமாபுரியின் களஞ்சியம். கோதுமை விளையும் தீவு அது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரியாக ரோமாபுரிக்குப் போய்ச் சேரும். அங்கே பெரும் பண்ணைகள் பெருகின. பண்ணைச் சீமான்கள் அடிமைகளை மந்தை மந்தையாக வாங்கினார்கள். மாட்டுக்குச் சூடு போடுவது போல அவர்கள் உடம்பில் சூட்டுக்கோலால் அடையாளம் வைத்தார்கள். வயலில் வேலை செய்தவர்களில் பலருக்குக் காலில் விலங்கு. இளவயதுக்காரர்கள் மந்தை மேய்க்க மலைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த மேய்ப்பர்களுக்குச் சோறும் துணியும் கொடுப்பது யார்? ஆண்டை கொடுப்பதில்லை. வழிப்போக்கரிடம் பறித்துத் தின்னச் சொல்லிவிட்டான். மேய்ப்பர்கள் கையில் தடியும் ஈட்டியும் வைத்துக்கொண்டு, ஓநாய்த் தோலும் பன்றித் தோலும் போர்த்திக்கொண்டு, பெரிய நாய்களோடு ஊர் ஊராகத் திரிந்தார்கள். மக்களுக்கு வழி நடக்க முடியவில்லை. கவர்னர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் மேய்ப்பர்களைத் தண்டித்தால் அவர்களுடைய ஆண்டைகளுக்குக் கோபம் வரும்; அந்த ஆண்டைகளோ செல்வாக்குள்ள சீமான்கள். கவர்னர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

லாபத்தில் நாலு காசு மிச்சம் பிடிக்க ஆண்டைகள் செய்த காரியத்தைப் பாருங்கள். தங்கள் அடிமைகளுக்குத் தாங்களே ஆயுதம் கொடுத்தார்கள். கூட்டமாகத் திரியவும், இரவில் மலை வழிகளை அறியவும் தாங்களே பழக்கிவிட்டார்கள்.

துணி கேட்டவர்களுக்குச் சவுக்கடி

தீவின் நடுமையத்தில் செங்குத்தான மலைமேல் ஹென்னா என்ற நகரம் இருக்கிறது. அங்கே டாமோபிலஸ் என்றொரு பண்ணைச் சீமான் இருந்தான். உயர்ந்த ஜாதிக் குதிரைகளும் வண்டிகளும் பரிவாரமுமாகத் தன் பண்ணைகளைச் சுற்றி வருவான். அவன் மனைவி மெகாலிஸ், வீட்டு அடிமைப் பெண்களை வதைப்பதில் கணவனுக்குச் சளைக்காதவள்.

ஒரு நாள் உடுக்கத் துணியில்லாத அடிமைகள் சிலர் டாமோபிலஸிடம் வந்து துணி கேட்டார்கள். இந்த நாட்டில் வழிப்போக்கர்கள் என்ன அம்மணமாகவா போகிறார்கள், துணி வேண்டுமென்றால் அவர்களிடம் கிடைக்காதா என்று அவன் கேட்டான். பிறகு அவர்களைத் தூணில் கட்டி வைத்து அடித்து, வந்த கோலத்திலேயே அனுப்பி வைத்தான்.

அன்றைக்குத்தான் அந்த அடிமைகள் ஆண்டையைக் கொல்வது என்று கூடிப் பேசத் தொடங்கினார்கள் என்று நினைக்க வேண்டாம். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் புகைந்துகொண்டிருந்த நெருப்பு அது. ஆனால் கூடிப் பேசினால் போதுமா? துணிந்து இறங்க ஒரு நம்பிக்கை வேண்டும். அதைத் தேடி அவர்கள் யூனஸிடம் போனார்கள்.

வாயில் நெருப்புக் கக்கிய யூனஸ்

யூனஸ் ஸிரியா நாட்டு அபாமியா நகரத்துக்காரன். ஹென்னாவில் ஆண்டிஜினஸ் என்பவனுக்கு அடிமை. வித்தைக்காரன், குறி சொல்கிறவன். ஸிரியா நாட்டு அம்மன் தன் கனவில் வந்து, நீ ராஜாவாகப் போகிறாய் என்று சொன்னதாக எல்லோரிடமும் சொல்லி வந்தான். ஒரு கொட்டையில் இரு பக்கமும் துளை போட்டு, உள்ளே கனலை வைத்து, வாயில் அடக்கிக்கொண்டு ஊதுவான். பேசும்போது தீப்பொறி பறக்கும்.

அவனுடைய ஆண்டைக்கு இது நல்ல வேடிக்கை. விருந்துகளில் அவனைக் கூட்டி வந்து நிறுத்துவான். விருந்தாளிகள், நீ ராஜாவானால் எங்களை என்ன செய்வாய் என்று கேட்பார்கள். யூனஸ் ஒவ்வொருவருக்கும் தக்கபடி பதில் சொல்லுவான். அவர்கள் வயிறு குலுங்கச் சிரித்து, சாப்பாட்டிலிருந்து ஒரு நல்ல இறைச்சித் துண்டை எடுத்துக் கொடுத்து, ராஜாவானதும் இதை மறந்துவிடாதே என்பார்கள். அவன் மறக்கவில்லை. உண்மையாகவே அவன் கையில் அதிகாரம் வந்தபோது, அன்று விருந்துகளில் அன்பாக நடத்தியவர்களை உயிரோடு விட்டான்.

யூனஸின் கொட்டை வித்தையை நான் உயர்த்திப் பேச வரவில்லை. மந்திரத்தால் விலங்கு அறுந்துவிடாது. ஆனால் அந்தக் காலத்து அடிமைக்குச் சங்கமோ பத்திரிகையோ கூட்டம் போட இடமோ கிடையாது. பல நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களைச் சேர்த்து வைக்க அவர்களுக்குக் கிடைத்தது ஒரு தெய்வத்தின் பெயரும் ஒரு வித்தைக்காரனின் வாயும்தான். ஆண்டை எந்த வாயைக் கேலிப் பொருளாக வைத்திருந்தானோ அந்த வாயிலிருந்தே உத்தரவு பிறந்தது.

யூனஸ் நல்வாக்குச் சொன்னான். நகரத்துக்கு வெளியே ஒரு வயலில் 400 அடிமைகள் கூடினார்கள். நடுநிசியில் மலையேறி ஹென்னாவுக்குள் புகுந்தார்கள். யூனஸ் நெருப்புக் கக்கியபடி முன்னே போனான். நகரத்துக்குள் இருந்த அடிமைகளும் தத்தம் ஆண்டைகளைத் தீர்த்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அன்றிரவு அங்கே நடந்ததை மறைக்கக் கூடாது. கைக்குழந்தைகள்கூடத் தப்பவில்லை என்று டயோடோரஸ் எழுதுகிறார். சவுக்கையும் சூட்டுக்கோலையும் தவிர வேறு எதையும் கற்றுக்கொடுக்காத ஆண்டைகள், கற்றுக்கொடுத்ததைத் திரும்பப் பெற்றார்கள். அதற்காக அந்தக் குழந்தைகளின் சாவு நியாயமாகிவிடாது. இதை அன்றே எழுச்சிக்குள் இருந்த ஒருவன் கண்டித்தான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விசாரணையும் விடுதலையும்

டாமோபிலஸும் மெகாலிஸும் நகரத்துக்கு அருகே தங்கள் தோட்டத்தில் இருந்தார்கள். அவர்களைக் கையைப் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள். அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். அடிபட்ட அடிமைகளுக்கு ஆறுதல் சொன்னவள். அடைத்து வைக்கப்பட்டவர்களுக்குத் தன்னால் ஆன உதவி செய்தவள். அந்தப் பெண்மேல் ஒருவரும் கை வைக்கவில்லை. தங்களில் நம்பகமான சிலரைத் துணைக்கு அனுப்பி, கட்டானா நகரத்தில் இருந்த அவளுடைய உறவினர் வீட்டில் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இவர்களைக் காட்டு மிருகங்கள் என்று எழுதியவர்கள் இந்த ஒரு சம்பவத்துக்குப் பதில் சொல்லட்டும்.

டாமோபிலஸை நகரத்து நாடகக் கொட்டகையில் கூட்டத்தின் முன் நிறுத்தி விசாரித்தார்கள். அவன் பேச்சில் கெட்டிக்காரன். கெஞ்சியும் குழைந்தும் பேசிக் கூட்டத்தில் பலருடைய மனதைக் கலைக்கத் தொடங்கிவிட்டான். அப்போது ஹெர்மியாஸ், ஸீயுக்ஸிஸ் என்ற இருவர், தீர்ப்புக்குக் காத்திராமல் வாளாலும் கோடாலியாலும் அவனை முடித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணைக் கட்டானாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் இதே ஹெர்மியாஸும் ஒருவன். யாரிடம் எப்படி நடக்க வேண்டும் என்று அவனுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. மெகாலிஸை அவளிடம் வதைபட்ட அடிமைப் பெண்களிடமே விட்டார்கள். அவர்கள் அவளை வதைத்து மலையிலிருந்து தள்ளினார்கள்.

ராஜாவும் அவனைக் கண்டித்தவனும்

பிறகு யூனஸை ராஜாவாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் பெரிய வீரன் என்பதற்காக அல்ல. எழுச்சியைத் தொடங்கி வைத்தவன் என்பதற்காக. அவன் தலையில் முடி தரித்து, ஸிரியா நாட்டு அரசர்களைப் போல ஆண்டியோகஸ் என்று பெயர் வைத்துக்கொண்டான். தன் மக்களை ஸிரியர்கள் என்று அழைத்தான். ராஜா இல்லாமலும் ஒரு நாட்டை ஆளலாம் என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் பிறந்த நாடுகளில் ஆட்சி என்றால் ராஜாதான்.

ஆனால் அவன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அறிவாளிகளைச் சேர்த்து ஓர் ஆலோசனைச் சபை அமைத்தது. அதில் அக்கேயஸ் என்றொருவன். கிரேக்க நாட்டின் அக்கேயா பகுதியைச் சேர்ந்தவன். புத்தியிலும் கைவேலையிலும் கெட்டிக்காரன். நான் சற்று முன் சொன்ன ஆள் இவன்தான். நடந்த கொலைகளை அவன் முகத்துக்கு நேரே கண்டித்தான். இப்படியே போனால் சீக்கிரத்தில் இதற்குத் தண்டனை அனுபவிப்போம் என்று எச்சரித்தான்.

யூனஸ் என்ன செய்தான்? அவன் தலையை வாங்கவில்லை. அவனுக்கு ஆண்டைகளின் வீட்டையே பரிசாகக் கொடுத்து, தன் ஆலோசகனாக வைத்துக்கொண்டான். தோழர்களே, இதை நினைவில் வையுங்கள். நெருப்புக் கக்கிய வித்தையைவிடப் பெரிய வித்தை இது.

மூன்றே நாளில் 6,000 பேருக்கு ஆயுதம் சேகரித்தார்கள். சிறைபிடித்த நகரத்தாரில் ஆயுதம் செய்யத் தெரிந்தவர்களை மட்டும் உயிரோடு விட்டுப் பட்டறையில் வேலை வாங்கினார்கள். ஆயுதம் கிடைக்காதவர்கள் கோடாலி, அரிவாள், கவண், தீயில் வாட்டிக் கூராக்கிய கழி, சமையல்கட்டில் இறைச்சி சுடும் கம்பி, இவற்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். சீக்கிரத்தில் படை பதினாயிரத்தைத் தாண்டியது.

சீமான்களின் கணக்குப் பொய்த்தது

ஒரு மாதத்துக்குள் தீவின் தெற்குப் பக்கத்தில், அக்ரிஜெண்டம் நகரத்தைச் சுற்றி, இன்னோர் எழுச்சி வெடித்தது. அதற்குத் தலைவன் கிளியோன். ஸிலிஸியா நாட்டு மலைப் பிரதேசத்துக்காரன்; குதிரை மேய்ப்பவன்; வழிப்பறியிலும் அனுபவம் உள்ளவன். அவன் பின்னால் 5,000 பேர் திரண்டார்கள்.

சீமான்களுக்கு இப்போது சந்தோஷம். ஒரே தீவில் இரண்டு அடிமைத் தலைவர்கள். ஒருவன் ஸிரியன், ஒருவன் ஸிலிஸியன். ஒருவன் குறி சொல்கிறவன், ஒருவன் கத்தி வீசுகிறவன். நிச்சயம் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாவார்கள், நமக்குச் செலவு மிச்சம் என்று காத்திருந்தார்கள்.

நடந்தது வேறு. கிளியோன் ஹென்னாவுக்கு வந்தான். யூனஸைத் தலைவனாக ஏற்று, அவனுக்குக் கீழே தளபதியாக நின்றான். எவனுக்கும் கட்டுப்படாமல் மலையில் திரிந்த ஆள் அவன். அவன் பணிந்தது யூனஸின் வித்தைக்காகவா? அவன் மனதில் இருந்ததை எந்த ஏடும் சொல்லவில்லை. செய்த காரியம் இருக்கிறது. தனி ராஜாவாக இருப்பதைவிட, ஒன்றுபட்ட படையில் இரண்டாமவனாக இருப்பது மேல் என்று அவன் முடிவு செய்தான்.

அதன் பலனை ரோமாபுரி உடனே கண்டது. லூஸியஸ் ஹிப்ஸேயஸ் என்ற தளபதி, தீவில் திரட்டிய 8,000 பேருடன் வந்தான். எதிரே அடிமைகள் 20,000 பேர். ஹிப்ஸேயஸ் தோற்றான். எழுச்சிப் படை நாளுக்கு நாள் பெருகியது. அது உச்சத்தில் இருந்தபோது இரண்டு லட்சம் பேர் என்கிறார் டயோடோரஸ். அறுபதாயிரம், எழுபதாயிரம் என்று வேறு பழைய ஏடுகள் கணக்குச் சொல்கின்றன. சிறிய கணக்கையே எடுத்துக்கொண்டாலும் ஓர் அரசாங்கத்தைக் கதிகலங்க வைக்கும் படை அது.

நகரங்களை முற்றுகையிட்டபோது இவர்கள் ஒரு வேலை செய்தார்கள். எதிரியின் அம்பும் கல்லும் எட்டாத தூரத்தில் நின்று, மதில்மேல் இருந்தவர்கள் பார்க்கும்படி நாடகம் போட்டார்கள். அடிமைகளே வேஷம் கட்டி, ஆண்டைகள் செய்த கொடுமைகளையும், தாங்கள் அவர்களை எதிர்த்து எழுந்த கதையையும் நடித்துக் காட்டினார்கள்.

கதிரைக் காத்தவர்களும் எரித்தவர்களும்

இப்போது நான் சொல்லப்போவதை விவசாயத் தொழிலாளித் தோழர்கள் ஊன்றிக் கேட்க வேண்டும்.

எழுச்சி செய்த அடிமைகள் சிறு பண்ணை வீடுகளுக்குத் தீ வைக்கவில்லை. களஞ்சியத்தில் இருந்த தானியத்தையும் வயலில் நின்ற பயிரையும் நாசம் செய்யவில்லை. உழுதுகொண்டிருந்தவர்களை ஒன்றும் செய்யவில்லை. நாளைக்குச் சாப்பிட வேண்டுமே என்று முன்யோசனையோடு நடந்துகொண்டார்கள் என்று டயோடோரஸ் எழுதுகிறார்.

அப்படியானால் பண்ணைகளை எரித்தவர்கள் யார்? தீவில் இருந்த ஏழைகள். அடிமைகள் அல்லாத, சுதந்திரப் பிரஜைகளான ஏழைகள். அவர்களுக்குப் பணக்காரர்கள்மேல் தீராத வெறுப்பு. சீமான்கள் அடிபட்டதைக் கண்டு அவர்கள் மகிழ்ந்தார்கள். அடிமைகளோடு சேர்ந்தவர்கள் போலப் பாவனை செய்துகொண்டு கிராமங்களுக்குள் புகுந்து, கண்டதை அள்ளிக்கொண்டு, மிச்சத்துக்குத் தீ வைத்தார்கள்.

சூட்டுக்கோல் பட்ட உடம்போடு இருந்தவன் கதிரைக் காப்பாற்றினான். சுதந்திரன் என்று பெயர் படைத்தவன் எரித்தான். ஏன்? அடிமை அந்த நிலத்தைப் பிடித்துவிட்டான். இனி அது நம்முடையது, நாம்தான் உழுது சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு வந்துவிட்டது. சுதந்திர ஏழைக்கு அந்த எண்ணம் வரவில்லை. அவனுடைய கோபம் நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஸ்தாபனம் இல்லை, நாளை என்ன செய்வது என்ற திட்டம் இல்லை. ஆகவே கொள்ளையில் தொடங்கிக் கொள்ளையில் முடிந்தது. தானும் உருப்படவில்லை, தனக்குத் துணையாக நின்றிருக்கக்கூடியவனின் சோற்றையும் எரித்தான்.

யூனஸ் அடித்த சிறு வெண்கல நாணயம் ஒன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ராஜா ஆண்டியோகஸ் என்ற பெயர் கிரேக்க எழுத்தில் சுருக்கமாக இருக்கிறது. ஒரு பக்கம் விளைச்சல் தெய்வத்தின் தலை. மறுபக்கம் ஒரு தானியக் கதிர்.

ரோமாபுரியின் பதில்

ரோமாபுரியின் நல்ல படைகள் அப்போது ஸ்பெயின் நாட்டில் நுமான்ஷியா நகரத்தை முற்றுகையிட்டு மாட்டிக்கொண்டிருந்தன. முதலில் இது ஏதோ ஓடிப்போன அடிமைகளின் கலகம் என்று அலட்சியமாக இருந்தவர்கள், பிறகு நாட்டின் தலைமை அதிகாரிகளான கான்சல்களையே வரிசையாக அனுப்ப வேண்டியதாயிற்று. கி.மு. 134-ல் ஃபுல்வியஸ் ஃபிளாக்கஸ், 133-ல் கல்பூர்னியஸ் பீஸோ, 132-ல் ரூபிலியஸ்.

பீஸோ வந்தபோது ரோமாபுரிப் படையின் லட்சணம் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு குதிரைப் படைத் தலைவன் அடிமைகளிடம் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தான். பீஸோ அவனைத் தினமும் காலையிலிருந்து இரவு வரையில் வெறுங்காலோடு பாசறையின் முன்னால் நிற்க வைத்தான். அவனுடைய வீரர்களிடமிருந்து குதிரைகளைப் பறித்து, அவர்களைக் கவண் கல் வீசுவோர் வரிசையில் தள்ளினான். பீஸோவின் பெயர் பொறித்த ஈயக் கவண் குண்டுகள் ஹென்னாவில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன.

முடிவு ரூபிலியஸின் கையில் வந்தது. அவன் டவுரோமீனியம் நகரத்தை வளைத்துக்கொண்டு பட்டினி போட்டான். உள்ளே இருந்தவர்கள் வாயால் சொல்ல முடியாத நிலைக்குப் போயும் சரணடையவில்லை. கடைசியில் ஸராபியோன் என்ற ஸிரியன் காட்டிக்கொடுத்துக் கோட்டையைத் திறந்துவிட்டான். பிடிபட்டவர்களை வதைத்து மலைச் சரிவிலிருந்து தள்ளினார்கள்.

அடுத்தது ஹென்னா. கிளியோன் கோட்டையை விட்டு வெளியே வந்து போராடி, உடம்பெல்லாம் காயம்பட்டு வீழ்ந்தான். அவன் பிணத்தைப் படையின் முன் காட்சிக்கு வைத்தார்கள். அந்த மலைக்கோட்டையைப் பலத்தால் பிடிக்க முடியாது. அங்கேயும் துரோகமே கதவைத் திறந்தது. யூனஸ் 1,000 மெய்க்காவலர்களோடு மலைகளுக்குள் ஓடினான். தப்ப வழியில்லை என்று கண்ட அந்த வீரர்கள், பிடிபடுவதைவிட இது மேல் என்று ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மாண்டார்கள். யூனஸ் ஒரு குகையில் பிடிபட்டான். அவனோடு இருந்தவர்கள் நாலு பேர்: ஒரு சமையற்காரன், ஒரு ரொட்டி சுடுகிறவன், குளிக்கும்போது உடம்பு பிடித்துவிடுகிறவன், விருந்தில் வேடிக்கை காட்டுகிறவன். மார்கான்டினா நகரத்துச் சிறையில் அவன் நோயில் செத்தான்.

அந்த நாலாவது ஆளைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஆண்டையின் விருந்தில் யூனஸ் செய்த அதே வேலையை, யூனஸின் விருந்தில் செய்ய இன்னொருவன் இருந்தான். பகைவர்கள் இதைக் கேலிக்காக எழுதி வைத்திருக்கலாம். ஆனாலும் ஆண்டையை ஒழித்தவன் ஆண்டையின் ஆசனத்தில் அப்படியே உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்தான்.

அதே வருஷம், ரோமாபுரியில்

ஹென்னாவைச் சுற்றிக் கவண் குண்டு பறந்துகொண்டிருந்த கி.மு. 133-ம் வருஷம், ரோமாபுரி நகரத்தில் இன்னொரு போராட்டம் நடந்தது. திபேரியஸ் கிராக்கஸ் என்ற மக்கள் பிரதிநிதி, பொது நிலத்தில் ஒருவர் 500 யுகேராவுக்கு மேல், அதாவது சுமார் 310 ஏக்கருக்கு மேல், வைத்திருக்கக் கூடாது. மிச்சத்தை நிலமில்லாத ஏழைகளுக்குப் பங்கிட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தான். பெரும் நிலச் சொந்தக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். செனட் சபையைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய ஆட்களும் தடி கொண்டு அவனை அடித்தே கொன்றார்கள். அவனோடு சுமார் 300 பேர் மாண்டார்கள். பிணங்களை ஆற்றில் எறிந்தார்கள்.

ஸிஸிலியில் அடிமை யாரை எதிர்த்தானோ, ரோமாபுரியில் ஏழை விவசாயியும் அதே பண்ணைச் சீமான் வர்க்கத்தைத்தான் எதிர்த்தான். சிறு விவசாயியை நிலத்திலிருந்து விரட்டிவிட்டு, அந்த நிலத்தில் அடிமையை விலங்கோடு இறக்கியது ஒரே கை. ஆனால் இந்த இரண்டு போராட்டங்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. அதைவிட மோசம், கிராக்கஸ் தன் சட்டத்துக்கு ஆதரவாகப் பேசியபோது, அடிமைகள் நம்பத்தகாதவர்கள், ஸிஸிலியில் நடப்பதைப் பாருங்கள் என்று எடுத்துக் காட்டியதாக அப்பியன் என்ற சரித்திர ஆசிரியர் எழுதுகிறார். ஏழைகளின் தலைவன் அடிமையைச் சுட்டிக்காட்டிப் பயமுறுத்தினான். ஸிஸிலி ஏழை அடிமையின் பெயரைச் சொல்லிக் கொள்ளையடித்தான். கடைசியில் சீமான்கள் கிராக்கஸையும் கொன்றார்கள், கிளியோனையும் கொன்றார்கள். தனித்தனியாக, சௌகரியமாக.

சேர்ந்து நிற்கவே முடியாத காலம் அது என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. அதே 133-ல் ஆசியாமைனரில் பெர்கமம் நாட்டு அரசன் செத்து, நாட்டை ரோமாபுரிக்கு எழுதி வைத்தான். அரிஸ்டோனிகஸ் என்பவன் அதை எதிர்த்து, ஏழைகளையும் விடுதலை வாக்களிக்கப்பட்ட அடிமைகளையும் ஒரே படையாகத் திரட்டினான். அவர்களுக்குச் சூரியபுரி மக்கள் என்று பெயர் வைத்தான். நாலு வருஷம் ரோமாபுரியை எதிர்த்து நின்றான். அவனும் தோற்றான். ஆனால் அந்த இரண்டு கைகளையும் சேர்க்கலாம் என்பதை அவன் செய்து காட்டிவிட்டான்.

தோல்விக்குப் பிறகு

தென் இத்தாலியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஸிஸிலியில் அதிகாரியாக இருந்த ஒருவன், ஓடிப்போன அடிமைகள் 917 பேரைத் தேடிப் பிடித்து ஆண்டைகளிடம் ஒப்படைத்தேன் என்று அதில் பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறான்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. முப்பது வருஷத்துக்குள், கி.மு. 104-ல், அதே தீவில் அடிமைகள் மறுபடி எழுந்தார்கள். அப்போதும் இரண்டு தலைவர்கள், ஸால்வியஸ், அத்தேனியோன். அப்போதும் இவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று சீமான்கள் எதிர்பார்த்தார்கள். அப்போதும் அத்தேனியோன் வந்து ஸால்வியஸுக்குக் கட்டுப்பட்டான். பிறகு ஸால்வியஸ் சந்தேகப்பட்டு அவனைச் சிறையில் வைத்தபோதும், படை திண்டாடிய வேளையில் வெளியே வந்து அவனுக்காகவே போராடினான்.

இந்த அத்தேனியோன் ஒரு பண்ணையில் மேற்பார்வையாளனாக இருந்த அடிமை. வந்தவர்களையெல்லாம் அவன் படையில் சேர்க்கவில்லை. திறமையானவர்களைப் போருக்கு எடுத்துக்கொண்டான். மற்றவர்களை, நீங்கள் முன்பு செய்த வேலையையே செய்யுங்கள். இந்த நிலமும் பயிரும் மாடும் இனி நம்முடையவை என்று நினைத்துக் காப்பாற்றுங்கள் என்று வயலுக்கு அனுப்பினான். படைக்குச் சாப்பாட்டுப் பஞ்சம் வரவில்லை. ஹென்னாவின் பாடத்தை அடுத்த தலைமுறை மறக்கவில்லை. நாலு வருஷம் போராடினார்கள். மறு முப்பது வருஷத்துக்குள் ஸ்பார்ட்டகஸ் வந்தான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தோழர்களே, தொடக்கத்தில் இரண்டு கேள்விகள் வைத்தேன்.

அவர்களை ஒன்றாக நிறுத்தியது எது? வித்தை தொடங்கி வைத்தது. நிறுத்தி வைத்தது வேறு. தன்னைக் கண்டித்தவனை யூனஸ் ஆலோசகனாக்கினான். தன் நாற்காலியைப் பெரிதாக நினைக்காமல் கிளியோன் இரண்டாமிடத்தில் நின்றான். நாளைய சோற்றை நினைத்து, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான அடிமைகள் கதிரைக் காத்தார்கள். தலைமை என்பது ஒரு தனி மனிதனிடம் மட்டும் இருந்ததாக நினைத்தால் இந்த மூன்று வருஷத்தை நம்மால் புரிந்துகொள்ள முடியாது.

அவர்களைத் தனியாக விட்டது எது? பக்கத்து வயலில் நின்ற சுதந்திர ஏழை, அடிமையைத் தன் இனமாக நினைக்கவில்லை. அடிமையும் அவனைத் தன் பக்கம் இழுக்கும் வழியைக் காணவில்லை. அந்த இடைவெளியில்தான் ரூபிலியஸின் படை நுழைந்தது. ஸராபியோன்கள் கடைசியில் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் பட்டினியும் தனிமையும் கோட்டையை முதலில் பலவீனப்படுத்தின.

ஆலையில் நெய்கிறவனும் வயலில் நடுகிறவனும் இந்த வகுப்பில் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஸிஸிலியில் அப்படி ஒரு பாய் விரிக்கப்படவில்லை. யூனஸ், கிளியோன், அக்கேயஸ், அத்தேனியோன், இந்த நாலு பெயரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனதும் இந்த வகுப்புக்கு வராதவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.